நுனி கிள்ளிய இலை

நாவல் மடுவின் கரையில் ஒரு சருகுமான் நின்று காற்றை முகர்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் மருளி. முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, ஈர்க்குச்சி போன்ற கால்கள், எந்நேரமும் துடிக்கும் மூக்கு.

காற்றில் குளிர் இல்லை. வெயில் காலம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆனாலும் மருளி தினமும் முகர்ந்து பார்க்கும். மழை ஓய்ந்து வாடைக்காற்று திரும்பினால் அந்தக் காட்டுக்குத் தொண்டையடைப்பு நோய் வரும். பெரியவற்றை அது ஒன்றும் செய்யாது. குட்டிகளைத்தான் பிடிக்கும். முதலில் இருமல். பிறகு காய்ச்சல். பிறகு கழுத்து வீங்கும், பால் இறங்காது. மானோ பன்றியோ கீரியோ, அந்த நோய்க்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்த ஆண்டு மருளிக்குப் பயம் இன்னும் அதிகம். அதன் வயிற்றில் ஒரு குட்டி இருந்தது.

அந்தக் காட்டில் மூன்று நீர்த்துறைகள் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு துறையிலும் அவரவர் தமக்குத் தெரிந்த தழையைக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாடைக்காலத்தில் ஒரே நச்சுத் தழையை மூன்று துறைகளிலும் கொடுத்துவிட்டார்கள். மூன்று இடங்களிலும் குட்டிகள் செத்தன. முதல் துறையில் நடந்தது மற்ற இரண்டுக்கும் தெரிந்திருந்தால் அங்கே இருந்தவையாவது பிழைத்திருக்கும்.

அதன் பிறகுதான் மூன்று துறைகளும் ஒன்று கூடின. நோய் பார்க்கத் துறைக்கு ஒருவர் என்று முடிவாயிற்று. நாவல் மடுவுக்கு மருளி. பாறைச் சுனைக்குச் சடையன் என்ற முள்ளம்பன்றி. மூங்கில் ஓடைக்குச் செவலை என்ற கீரி. மூவருக்கும் நடுவே சேதி கொண்டுபோக ஒரு வால்காக்கை.

வேலைக்கு ஒரு முறையும் வகுத்துக்கொண்டார்கள். நோய் கண்ட குட்டிகளை இரண்டு வரிசையாகப் படுக்க வைப்பது. ஒரு வரிசைக்குப் புதுத் தழை, மறு வரிசைக்கு வெறும் தண்ணீரும் கதகதப்பும். தழை பலித்தால் அதன் முழு இலை ஒன்றைக் கரையோரத்து முட்புதரில் குத்தி வைப்பது. பலிக்காவிட்டாலோ கெடுதல் செய்தாலோ, இலையின் நுனியைக் கிள்ளிவிட்டுக் குத்துவது. அதே போன்ற இலையை வால்காக்கை மற்ற இரண்டு துறைகளுக்கும் கொண்டுபோய்க் குத்திவிடும். எந்தத் தாயும் புதரைப் பார்த்தாலே போதும். முழு இலை என்றால் கொடுக்கலாம். நுனி கிள்ளியது என்றால் தொடக்கூடாது.

சண்டை இல்லாமல் இல்லை. ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று மூச்சிரைக்க வந்து நின்றது.

"என் பிள்ளையை ஏன் தண்ணீர் வரிசையில் போட்டாய்? தழையெல்லாம் உன் சொந்தக்காரர்களுக்குத்தானா?"

"அந்தத் தழை நல்லதா கெட்டதா என்றே இன்னும் தெரியாது, அக்கா" என்றது மருளி. "தெரிகிற வரைக்கும் தண்ணீர் வரிசைதான் பத்திரமான இடம்."

"பார்க்கத்தானே போகிறேன்" என்று உறுமிவிட்டு, பன்றி இரண்டு வரிசைக்கும் நடுவில் குறுக்கே படுத்துக்கொண்டது. அதன் குட்டி தேறி எழுந்து ஓடும்வரை அது அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

நோய் பார்ப்பவர் இரை தேடிப் போக முடியாது. நாளெல்லாம் பறக்கிற வால்காக்கைக்கும் வயிறு உண்டு. அதற்காக ஏற்பட்டதுதான் 'ஒரு வாய்' வழக்கம். தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொரு பிராணியும் தன் இரையில் ஒரு வாய் அளவைத் துறையோரத்துத் தட்டைப் பாறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அணில் ஒரு கொட்டை வைக்கும். புள்ளிமான் ஒரு கொத்து நெல்லிக்காய் வைக்கும். யார் வைத்தது எது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

வாடைக்காலத்தில் பாறை நிறைந்து வழியும். வெயில் காலம் வந்தால் பல்லிகள்தான் அதில் காய்ந்துகொண்டிருக்கும்.

"இப்போது எந்தக் குட்டிக்கு நோய்?" என்று கேட்டது மந்தி, ஒரு அத்திப்பழத்தை வாய்க்குள் தள்ளியபடியே. "நோய் வரட்டும், நானே மடியோடு கொண்டுவந்து கொட்டுகிறேன்."

"நோய் வந்த பிறகு தழை தேடினால் நேரம் இருக்காது, மந்தியம்மா. வெயில் காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிற இருமலிலும் வீக்கத்திலும்தான் புதுத் தழைகளைப் பார்த்து வைக்க முடியும்."

"பார்த்து வை. யார் வேண்டாம் என்றது?" மந்தி கிளைக்குத் தாவிவிட்டது.

வால்காக்கை பாறையின் மேல் இறங்கி அலகால் தட்டிப் பார்த்தது. "நேற்றுப் பாறைச் சுனைக்குப் போய் வந்ததற்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கொட்டை, அக்கா. உடைத்தால் உள்ளே வண்டு."

"ஐயோ. பிறகு என்ன செய்தாய்?"

"வண்டைத் தின்றேன். கொட்டையைவிட அது மேல்." அது சிறகைக் கோதிக்கொண்டது. "ஆனால் தினமும் வண்டு கிடைக்குமா? நான் பறக்காத நாளில் மூன்று துறையும் மூன்று காடு. அதை நினைவில் வைத்துக்கொள்."

மருளிக்கு அது நினைவில்தான் இருந்தது. வேறெதுவும் நினைவில் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காட்டுக்குக் கொம்பன் யானை வந்தது.

கொம்பன் கெட்டதல்ல. நல்ல மனசுதான். மடுவில் தண்ணீர் குடித்துவிட்டு, பாறையையும் புதரையும் பார்த்து, இதெல்லாம் என்ன என்று விசாரித்தது. மருளி ஒன்று விடாமல் சொன்னது.

"எனக்கும் ஒரு தங்கை இருந்தாள்" என்றது கொம்பன். "கழுத்து வீங்கித்தான் போனாள். அப்போது இப்படி யாரும் இல்லை." துதிக்கையால் வெறும் பாறையைத் தடவிப் பார்த்தது. "இவ்வளவு பெரிய காரியத்துக்கு இப்படி ஒரு வாய், அரை வாய் என்று பிச்சையா எடுப்பது? இனி மூன்று துறைக்கும் நான் போடுகிறேன்."

மறுநாளே பலாப்பழங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் மருளியைவிடப் பெரியது. காடெல்லாம் மணத்தது. வால்காக்கை சுளையைக் கொத்திக் கொத்தி, பறக்கும்போது மூச்சு வாங்கும் அளவுக்குப் பருத்துவிட்டது. சடையனும் செவலையும் புதுத் தழை தேடிப் போனார்கள். காடே கொண்டாடியது.

பாறையில் ஒரு வாய் வைக்கிற வழக்கம் தானாக நின்றுபோயிற்று. "அதுதான் யானை போடுகிறதே" என்றது மந்தி. மற்றவையும் அதையே சொல்லின. தட்டைப் பாறையின் மேல் பாசி ஏறியது.

மருளி மட்டும் போகிற வருகிற போதெல்லாம் அந்தப் பாசியைப் பார்த்தது. பார்த்தாலும் பேசாமல்தான் இருந்தது. வயிறு நிறைந்திருக்கும்போது அதைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்?

ஒருநாள் கொம்பன் மூன்று துறைகளையும் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. நாவல் மடுவின் புதர் முன்னால் வந்து வெகு நேரம் நின்றது.

"இது என்ன, பாதிக்கு மேல் நுனி கிள்ளிய இலையாக இருக்கிறது?"

"பலிக்காத தழைகள், ஐயா."

"அது தெரிகிறது. பலாப்பழம் தள்ளித் தள்ளி என் நெற்றியே புண்ணாகிவிட்டது, மருளி. கிழக்கே போனதும் என் கூட்டத்தார் கேட்பார்கள், உன் பழம் என்ன செய்தது என்று. கிழிந்த இலையையா காட்டுவேன்?" அது கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னது. "பாறைச் சுனையில் போய்ப் பார். சடையன் புதரில் எல்லாம் முழு இலை."

அந்த வாரம் பாறைச் சுனைக்கு இரட்டைப் பங்கு பழம் போயிற்று. மூங்கில் ஓடைக்கு ஒரு பங்கு. நாவல் மடுவுக்கு வந்தது வெறும் சக்கையும் சடையும்.

மருளி அந்தச் சக்கையை முகர்ந்து பார்த்தது. பங்கு இன்னும் குறைந்தால் என்ன ஆகும்? வால்காக்கை இந்தப் பக்கம் வராமலே போய்விடுமோ? வாடை வரும்போது நாவல் மடு மட்டும் தனியாக நிற்குமோ? வயிற்றுக்குள் குட்டி உதைத்தது.

அப்போது மடுவில் செந்தண்டு என்ற கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் காலத்து இருமலுக்கு அது நன்றாகப் பலித்தது. முழு இலை குத்தி, மற்றத் துறைகளுக்கும் அனுப்பியாயிற்று. ஆனால் பிறகு ஒரு பன்றிக்குட்டிக்குக் கழுத்து லேசாக வீங்கியிருந்தபோது அதைக் கொடுத்தார்கள். கொடுத்த உடனே வீக்கம் இன்னும் ஏறி, குட்டி நீலம் பூத்துவிட்டது. எப்படியோ பிழைத்தது. மருளி செந்தண்டு இலையின் நுனியைக் கிள்ளிப் புதரில் குத்தியது.

அன்று மாலையே கொம்பன் வருவதாகச் சேதி வந்தது.

மருளி புதரைப் பார்த்தது. பாதையைப் பார்த்தது. 'யானை போன பிறகு திரும்பக் குத்திவிடலாம்' என்று நினைத்தது. நுனி கிள்ளிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணைப் பறித்துப் புதைத்தது.

கொம்பன் வந்து பார்த்துத் தலையாட்டியது. மறுநாள் பெரிய பலாப்பழம் ஒன்று உருண்டு வந்தது.

மருளி அந்த இலைகளைத் திரும்பக் குத்தவில்லை. அடுத்த வாரமும் யானை வரும் அல்லவா?

பலாக்காலம் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை கொம்பன் மடுவுக்கு வந்து நிறையத் தண்ணீர் குடித்தது.

"நான் கிளம்புகிறேன். கிழக்கு மலைக்கு அப்பால் புல் முளைத்துவிட்டதாம். கூட்டம் முன்னே போய்விட்டது."

"இப்போதா, ஐயா?" என்றது மருளி. "வாடை வரப்போகிறதே."

"நான் வலசை போகிறவன், மருளி. நின்றால் பட்டினிதான். அடுத்த வெயிலில் வருகிறேன்." அது மருளியை அன்போடு பார்த்தது. "உங்களுக்கென்ன? நான் வருவதற்கு முன்னாலும் நடத்தினீர்கள்தானே."

யானை போன வழியில் பெரிய பெரிய காலடிக் குழிகள் இருந்தன. மழை அவற்றில் தண்ணீர் நிரப்பியது.

அதே மழையில் மருளிக்குக் குட்டி பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. முதுகில் வெள்ளைக் கோடுகள். மருளி அதை நாவல் மரத்தின் வேர்ப் பொந்தில் வைத்து நக்கிக்கொண்டே இருந்தது. நக்குவதை நிறுத்தினால் காற்றை முகரும்.

ஒரு காலையில் காற்று மாறியிருந்தது.

முதலில் மந்தியின் குட்டி இருமியது. பிறகு ஒரு புள்ளிமான் குட்டி. பிறகு பன்றியின் புதுக் குட்டி. மருளி தட்டைப் பாறைக்கு ஓடியது. பாசியும் மழைநீரும்தான் இருந்தன. பலருக்கும் ஒரு வாய் வைக்கத் தோன்றவில்லை. தோன்றியவையும் 'மற்றவர் வைக்கட்டும்' என்று பார்த்துக்கொண்டிருந்தன. வால்காக்கை கீழ்ச்சரிவில் ஆலம்பழம் பழுத்திருக்கிறது என்று போய் வெகு நாளாயிற்று. பாறைச் சுனையில் என்ன நடக்கிறது, மூங்கில் ஓடையில் என்ன நடக்கிறது, எதுவும் தெரியவில்லை.

அன்று மதியம் வேர்ப் பொந்துக்குள் இருமல் கேட்டது.

மருளி உள்ளே நுழைந்து குட்டியின் கழுத்தை மூக்கால் தொட்டது. சூடு. மெல்லிய வீக்கம். மடியில் வாய் வைத்த குட்டி, இரண்டு முறை உறிஞ்சிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மருளி வெளியே பாய்ந்தது. புதரில் கருந்துளிர் என்ற தழையின் இலை இருந்தது. சடையன் அனுப்பியது. முழு இலை. மழைக்கு முன்பே அந்தச் செடியை மடுவோரத்தில் பார்த்து வைத்திருந்தது. ஒரு வாய் பறித்து, குட்டிக்கு ஏற்றபடி மசிய மென்றுகொண்டே திரும்பியது.

திரும்பும்போது புதர் மறுபடி கண்ணில் பட்டது. எல்லாம் முழு இலை. பச்சைப் பசேலென்று கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது புதர்.

மருளியின் தாடை நின்றது.

'என் புதரில் இருக்க வேண்டிய கிழிசல் என் புதரில் இல்லை. சடையன் புதரில் இருக்க வேண்டியது மட்டும் அங்கே இருக்குமா?'

அது மென்றதைத் துப்பியது. வாயைத் தண்ணீரில் கழுவியது. பன்றியிடம் ஓடியது.

"அக்கா, என் குட்டியையும் உன் குட்டியோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாயா? தழை எதுவும் கொடுக்காதே. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடு. கதகதப்பாக வைத்திரு."

பன்றி நிமிர்ந்து பார்த்தது. "உன் பிள்ளை தண்ணீர் வரிசையா?"

"ஆமாம், அக்கா."

பன்றி உடனே நகர்ந்து இடம் விட்டது.

சருகுமான் பகல் வெளிச்சத்தில் வெட்டவெளியைக் கடப்பதில்லை. மருளி கடந்தது. புல்லுக்கு மேலே கழுகின் நிழல் ஒருமுறை வட்டமிட்டது. மருளி ஒரு கல்லோடு ஒட்டிக் கிடந்தது. நிழல் விலகியதும் மறுபடி ஓடியது. பாதி வழியில் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"பகலில் வெளியே ஓடுகிறாயே, உனக்குப் பைத்தியமா?" வால்காக்கை ஒரு மூங்கில் நுனியில் வந்து உட்கார்ந்தது. ஆலம்பழம் தீர்ந்துவிட்டது போலும், பாவம், மறுபடி இளைத்திருந்தது.

"மூங்கில் ஓடைக்குப் போ" என்றது மருளி. "செவலையிடம் பலித்தது எது என்று கேட்காதே. பலிக்காதது எது என்று கேள். யானைக்குக் காட்டாமல் எறிந்ததையெல்லாம் கேள். கேட்டுவிட்டுப் பாறைச் சுனைக்கு வா."

"சாப்பாடு?"

"என்னிடம் எதுவும் இல்லை."

"தெரியும். சும்மா கேட்டு வைத்தேன்" என்று சொல்லிவிட்டு வால்காக்கை பறந்தது.

பாறைச் சுனையில் சடையன் தன் வளை வாசலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள். ஒன்று இருமிக்கொண்டிருந்தது. சடையன் முன்னங்காலில் சிவப்பாக ஏதோ இருந்தது.

"வா, தங்கச்சி" என்றது சடையன். அதன் குரல் தேய்ந்திருந்தது. "நீ அனுப்பிய செந்தண்டுதான். மூத்தவனுக்குக் காலையில் கொடுத்தேன். தூங்குகிறான். இப்போது சின்னவனுக்குக் கொடுக்கப் போகிறேன்."

மருளி மூத்த குட்டியைப் பார்த்தது. அதன் முள்கள் இன்னும் கெட்டிப்படாமல் மயிர் போல இருந்தன. காற்று அவற்றை அசைத்தது. வேறெதுவும் அசையவில்லை.

"அதைக் கீழே போடு, அண்ணே" என்றது மருளி.

"ஏன்?"

"அது நுனி கிள்ள வேண்டிய இலை. கழுத்து வீங்கியிருக்கும்போது கொடுத்தால் வீக்கம் ஏறும். எனக்குத் தெரியும். கிள்ளிக் குத்தினேன். கொம்பன் வருகிறது என்று எடுத்துப் புதைத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை."

சடையன் மெதுவாகத் திரும்பியது. மூத்த குட்டியை மூக்கால் புரட்டியது. இன்னொரு முறை புரட்டியது. பிறகு அதன் உடம்பில் இருந்த முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்து நின்றன. மருளி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

வெகு நேரம் கழித்து முள்கள் தாழ்ந்தன.

"கருந்துளிர்" என்றது சடையன். "உன் குட்டிக்குக் கொடுத்துவிட்டாயா?"

"வாயில் வைத்திருந்தேன். துப்பிவிட்டு வந்தேன்."

"நல்லது" என்றது சடையன். தலை தரையோடு சாய்ந்தது. "அதுவும் கிள்ள வேண்டியதுதான். இரண்டு குட்டிகள் அதைத் தின்று வாந்தி எடுத்து மூச்சு முட்டிப்போயின. இரட்டைப் பங்கு வந்துகொண்டிருந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை."

சின்னக் குட்டி இருமியது. ஒவ்வொரு இருமலுக்கும் மருளி தன் குட்டியை நினைத்தது.

பொழுது சாய்வதற்குள் வால்காக்கை வந்துவிட்டது. அலகில் ஒரு வழுவழுப்பான கொடி தொங்கியது.

"செவலை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. எறிந்ததில் இதுவும் ஒன்று. வழுக்குக் கொடியாம். வெயில் காலத்தில் கழுத்து வீங்கிய குட்டிகள் சிலவற்றுக்குக் கொடுத்ததாம். காய்ச்சல் ஒரு துளிகூட இறங்கவில்லையாம். எல்லாம் பாலை மட்டும் குடித்துக்கொண்டு காய்ச்சலோடு கிடந்தனவாம். காய்ச்சல் இறங்காத தழையை யானையிடம் எப்படிக் காட்டுவது என்று ஓடையில் போட்டுவிட்டதாம்."

மருளி தலை நிமிர்ந்தது. "என்ன குடித்தன?"

"பால்."

மருளியின் மூக்கு துடித்தது. தண்ணீர் வரிசைகள் ஒவ்வொன்றாக அதன் நினைவுக்கு வந்தன. பன்றிக்குட்டி. போன ஆண்டு மான்குட்டி. அதற்கு முந்தைய அணில் குஞ்சுகள். தழை எதுவும் தின்னாதவை. அவற்றில் எவை எழுந்தன? எப்படியோ கொஞ்சம் பால் இறங்கியவைதான் எழுந்தன. காய்ச்சல் தானாகவே தணிந்தது.

"அண்ணே, காய்ச்சல் குட்டிகளைக் கொல்லவில்லை" என்றது மருளி. "பசிதான் கொன்றிருக்கிறது. பால் இறங்கினால் போதும்."

சடையன் அந்தக் கொடியை வாங்கி நசுக்கியது. சாறு முட்டை வெண்கரு போல நீண்டு ஒழுகியது. சின்னவனின் வாயில் விட்டது. குட்டி முகத்தைச் சுளித்தது. விழுங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டது. சற்று நேரத்தில் வளைக்குள்ளிருந்து தாய் முள்ளம்பன்றி வந்து மடி கொடுத்தது. குட்டி சப்பும் ஓசை கேட்டது.

சடையன் மூத்த குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"போ, தங்கச்சி" என்றது, திரும்பிப் பார்க்காமல். "உன் குட்டி காத்திருக்கும்."

மருளி கொடியைக் கவ்விக்கொண்டு ஓடியது. நாவல் மடுவில் பன்றி அசையாமல் படுத்திருந்தது. அதன் வயிற்று மடிப்பில் இரண்டு குட்டிகள். மருளியின் குட்டி கண்ணை மூடியிருந்தது. மருளி ஒரு கணம் கிட்டே போகவே பயந்தது.

"இருக்கிறது" என்றது பன்றி. "சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி வெளியே வந்துவிட்டது. பாதி போயிருக்கும்."

மருளி சாற்றை விட்டது. காத்திருந்தது. மறுபடி விட்டது. குட்டியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அது தலையைத் திருப்பி, மோப்பம் பிடித்து, மடியைத் தேடியது.

அந்த வாடைக்காலத்தில் எல்லாக் குட்டிகளும் பிழைத்துவிடவில்லை. கொடி போய்ச் சேர்வதற்கு முன்பே போனவை உண்டு. ஆனால் வால்காக்கை மூன்று துறைகளுக்கும் பறந்துகொண்டே இருந்தது. முழு இலையும் கொண்டுபோயிற்று, கிள்ளிய இலையும் கொண்டுபோயிற்று. அது பறப்பதற்கான இரையை முதலில் பாறையில் வைத்தது மந்திதான். பாசியைக் கையால் துடைத்துவிட்டு, ஒரு அத்திப்பழத்தை வைத்தது. அதன் குட்டி முதுகில் தொற்றிக்கொண்டு இருமாமல் தூங்கியது.

"பார்க்காதே" என்றது மந்தி, மருளி தன்னைக் கவனிப்பதைக் கண்டு. "யார் வைத்தது என்று பார்ப்பது வழக்கம் இல்லை."

வெயில் காலம் வந்தது. நோய் ஓய்ந்தது. மந்தி தினமும் அத்திப்பழம் வைத்தது. வைக்க மறந்த அணில்களைக் கிளையிலிருந்து பெயர் சொல்லித் திட்டவும் திட்டியது.

சொன்னபடியே கொம்பனும் வந்தது. மடுவில் தண்ணீர் குடித்துவிட்டுப் புதரின் முன்னால் நின்றது. உச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே, நுனி கிள்ளிய செந்தண்டு இலை ஒன்று காய்ந்து தொங்கியது.

"அடடே, இதை யார் இங்கே மாட்டியது?" என்று கொம்பன் துதிக்கையை நீட்டியது.

அன்று சடையன் மடுவுக்கு வந்திருந்தது. "அதைத் தொடாதீர்கள், ஐயா" என்றது. "அது என் மூத்தவன்."

துதிக்கை அந்தரத்தில் நின்றது.

மருளி நடந்ததைச் சொன்னது. தான் புதைத்ததையும் சொன்னது. கொம்பன் காதை அசைக்காமல் கேட்டது. நீட்டிய துதிக்கையை மெல்லக் கீழே இறக்கியது.

"என் தங்கைக்காகத்தான் நான் பழம் போட்டேன்" என்றது கடைசியில். "இப்போது நான் என்ன செய்யட்டும், சொல்."

"தண்ணீர் குடித்தீர்கள் அல்லவா?" என்றது மருளி. "ஒரு வாய் வைத்துவிட்டுப் போங்கள்."

"ஒரு வாய்தானா?"

"எல்லாருக்கும் அதுதான் கணக்கு, ஐயா."

"உங்கள் வாய் கொஞ்சம் பெரியது" என்றது வால்காக்கை மேலேயிருந்து. "ஒரு பலாப்பழம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்."

கொம்பன் காட்டுக்குள் போய் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்தது. பாறையின் மேல் மெதுவாக வைத்தது. அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு கொட்டையும், ஒரு கொத்து நெல்லிக்காயும், ஒரு அத்திப்பழமும் நசுங்காதபடி பார்த்து வைத்தது.

"மழைக்கு முன்னால் நான் போய்விடுவேன்" என்றது.

"போய் வாருங்கள்" என்றது மருளி. அதன் மூக்கு காற்றை ஒருமுறை முகர்ந்தது. பிறகு குட்டியைப் பார்க்கத் திரும்பியது. "நீங்கள் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், ஐயா."

எல்லாருடைய உயிரையும் காக்கிற வேலையை ஒருவருடைய பெரிய கொடையின் மேல் நிறுத்தாமல் எல்லாரும் எல்லாக் காலத்திலும் சிறிது சிறிதாகத் தாங்க வேண்டும், கொடுப்பவர் முகம் கோணுமே என்று அதில் கண்ட தோல்வியை ஒருபோதும் மறைக்கக் கூடாது.